எட்டில் ஒன்று: பல சர்வர்களை ஒரே நிலையில் வைத்திருக்கும் பாடு

2012 ஆகஸ்ட் 1 காலை 9.30க்கு நியூயார்க் பங்குச் சந்தை திறந்தபோது, நைட் கேபிடல் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒரு புதிய மென்பொருளோடு வணிகத்தைத் தொடங்கியது. சில்லறை முதலீட்டாளர்களின் ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் அந்த மென்பொருள் எட்டு சர்வர்களில் ஓட வேண்டும். முந்தைய சில நாட்களில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்த ஊழியர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதி ஏதும் அங்கே இருக்கவில்லை. விடுபட்ட சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல், 2003-லேயே புழக்கத்தை விட்டுப் போனது, அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய வசதியை இயக்குவதற்கென்று ஒதுக்கிய குறியோ, முன்பு அந்தப் பழைய நிரலை இயக்கிய அதே குறி. ஏழு சர்வர்கள் குறியைப் புதிய விதத்தில் படித்தன, எட்டாவது பழைய விதத்தில் படித்தது. 212 சிறு ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் 39.7 கோடிப் பங்குகள் கைமாறின. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. ஆர்டர்கள் தாறுமாறாகப் பறக்கத் தொடங்கியதும், புதிய நிரல்தான் காரணம் என்று எண்ணி, அது சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். எட்டு சர்வர்களும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன; எட்டும் தவறான நிலையில். சேதம் அதனால் கூடியது. சந்தை திறக்கும் முன்பே 'பவர் பெக்' பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் உள்ளுக்குள் போயிருந்தன என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013-ல் வெளியிட்ட உத்தரவு சொல்கிறது. எச்சரிக்கை என்ற பெயரில் அவை வராததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

2024 ஜூலை 19 அன்று நடந்தது இதற்கு நேர் எதிர். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளான ஃபால்கனுக்கு ஒரு சிறிய தரவுக் கோப்பை அனுப்பியது. ஃபால்கன் ஓடிய, இணையத்தில் இணைந்திருந்த விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றுக்கும் அதே கோப்பு, ஒரே வேளையில். விடுபட்டது என்று ஒன்றும் இல்லை. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றுபோயின. இந்தியாவில் விமானப் பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் முன்யோசனை உள்ளவர்களும் இருந்தார்கள்: 'புதிய பதிப்பு எங்களுக்கு வேண்டாம், ஒன்று பிந்தியே வரட்டும்' என்று அமைத்து வைத்திருந்தவர்கள். அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்பை மட்டுமே கட்டுப்படுத்தும், தரவுக் கோப்புகளை அது தொடாது என்பது அவர்களில் பலருக்கு அன்றுதான் உறைத்தது.

ஒரு சர்வர் விடுபட்டதால் ஒரு சேதம், ஒன்றுகூட விடுபடாததால் இன்னொரு சேதம். இயங்குதளத்தையும் மென்பொருளையும் பல சர்வர்களில் ஒரே நிலையில் வைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட விடைகள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போய்ச் சேர வேண்டிய இடம் எல்லா சர்வர்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், போய்ச் சேரும் நாள் ஒன்றாக இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான இடங்களில் வேலை கெடுகிறது.

எப்படி விலகுகின்றன

ஒரே நாளில், ஒரே இமேஜிலிருந்து நிறுவிய பத்து லினக்ஸ் சர்வர்கள் ஆறு மாதத்தில் பத்து விதமாகிவிடும். அதற்கு யாரும் தப்புச் செய்ய வேண்டியதில்லை. ஐந்து சர்வர்களுக்குத் திங்கட்கிழமையும் மீதி ஐந்துக்கு வியாழக்கிழமையும் 'ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தால் போதும். இடைப்பட்ட மூன்று நாளில் களஞ்சியத்தில் புதிய பேக்கேஜ்கள் வந்து உட்கார்ந்திருக்கும். குறிப்பிட்ட பதிப்பு எதையும் அந்தக் கட்டளை கேட்பதில்லை. அந்த நிமிடத்தில் களஞ்சியத்தில் என்ன இருக்கிறதோ அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரே கட்டளையை எல்லாவற்றிலும் ஓட்டினோம் என்பதால் எல்லாம் ஒரே நிலையில் இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது.

தானாக அப்டேட் ஆகட்டும் என்று விட்டாலும் இதே கதைதான். உலகத்தின் எல்லா சர்வர்களும் ஒரே நொடியில் வந்து மொய்க்காமல் இருக்க, தானியங்கி அப்டேட்டின் நேரத்தை ஒவ்வொரு கணினியிலும் முன்பின்னாகச் சிதறடித்து வைத்திருக்கிறார்கள். உபுண்டு இன்னும் ஒரு படி போகிறது. பாதுகாப்பு அல்லாத அப்டேட்டுகளை முதலில் ஒரு சிறு விழுக்காட்டுக் கணினிகளுக்குக் கொடுத்து, புகார் வராவிட்டால் படிப்படியாக நூறு விழுக்காட்டுக்குக் கொண்டுபோகிறது. எந்தக் கணினிக்கு எப்போது என்பதை அதன் அடையாள எண் தீர்மானிக்கிறது. 21.04 பதிப்பு முதல் ஆப்ட் கருவியும் இந்த வரிசையை மதிக்கிறது. உலக அளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் அருகருகே நிற்கும் இரண்டு சர்வர்களில் ஒன்று அப்டேட்டை வாங்கிக்கொள்ள, மற்றது அதை நிறுத்திவைத்திருப்பதாகச் செய்தி காட்டும்போது, விஷயம் தெரியாத அட்மின் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஒரு குழுவிலுள்ள சர்வர்கள் எல்லாவற்றுக்கும் ஆப்ட் அமைப்பில் ஒரே அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால் அவை சேர்ந்தே நகரும். இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாது.

அப்டேட்டின் நடுவே கேட்கப்படும் கேள்வி இன்னொரு கிளை. 'இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள். உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?' என்று டெபியன் வகைக் கணினிகள் கேட்கும். ஒருவர் ஒரு சர்வரில் ஒரு விடை சொல்வார், அடுத்த வாரம் இன்னொருவர் அடுத்த சர்வரில் வேறு விடை சொல்வார். ரெட் ஹேட் வகைக் கணினிகள் கேட்பதே இல்லை. திருத்தப்பட்ட பழைய கோப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, புதியதை வேறு பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடும். பதிப்பு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் சர்வர்கள் ஒன்றேபோல் தெரியும், நடத்தை வேறாக இருக்கும்.

விண்டோஸ் உலகம் இந்தத் தொல்லையை வேறு விதமாகப் பட்டது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு பரவியபோது அதற்கான பேட்ச் வெளிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, போட்டவர்கள் குறைவு. அந்த ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயை பேட்ச் நாளாக்கியது. நாள் ஒழுங்கானது, உள்ளடக்கம் ஒழுங்காகவில்லை. வேண்டியதைப் போட்டு வேண்டாததை விடலாம் என்ற சுதந்திரம் இருந்ததால், எந்த இரண்டு கணினியிலும் ஒரே பேட்ச் தொகுதி இருக்காது என்ற நிலை வந்தது. மைக்ரோசாஃப்ட் சோதித்துப் பார்த்த கணினியும் வாடிக்கையாளரின் கணினியும் வேறு வேறு. 2016 அக்டோபர் முதல் விண்டோஸ் 7-க்கும் பழைய சர்வர் பதிப்புகளுக்கும் மாதத் தொகுப்பாக, முழுதாக எடு அல்லது விடு என்று கொடுக்கத் தொடங்கியதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் இதுதான். அட்மின்கள் அன்று கூச்சல் போட்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

மூன்று நிலைகள்

சர்வர்களை ஒரே நிலையில் வைத்திருப்பதைக் கோட்பாடாக முதலில் யோசித்தவர்களில் முக்கியமானவர் மார்க் பர்ஜஸ். இயற்பியல் படித்தவர்; ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1993-ல் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். 'இந்தக் கட்டளைகளை ஓட்டு' என்று கணினிக்குச் சொல்வதற்குப் பதில் 'நீ இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டால், விலகும் போதெல்லாம் அது தன்னைத்தானே அந்த நிலைக்கு இழுத்துக்கொள்ளும் என்பது அவருடைய கருத்து. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அவர் உவமையாகக் கொண்டார். 2005-ல் வந்த பப்பெட், 2009-ல் வந்த ஷெஃப், 2012-ல் வந்த ஆன்சிபிள் எல்லாம் இந்த வழியின் பிள்ளைகள்.

2002-ல் ஸ்டீவ் டிராகாட், லான்ஸ் பிரவுன் இருவரும் ஒரு கட்டுரையில் இதற்கு எதிர்வாதம் வைத்தார்கள். சர்வர் நிர்வாகத்தை அவர்கள் மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள்: நாளாக ஆக விலகிப் போவது, விரும்பிய நிலையை நோக்கிக் குவிவது, தொடக்கம் முதலே முழுக்க ஒத்திருப்பது. இரண்டு சர்வர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டுமானால் குறைந்த செலவான வழி, ஒரே மாற்றங்களை ஒரே வரிசையில் இரண்டிலும் செய்வதுதான் என்பது அவர்களின் முடிவு. குவிப்புக் கருவி தான் அறிந்ததை மட்டும் காக்கும். பட்டியலில் எழுதாத ஆயிரம் கோப்புகள் எப்படி வேண்டுமானாலும் விலகிக்கொண்டு போகலாம்.

கட்டுரை வெளிவந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் பெரும்பாலோர் பர்ஜஸின் வழியில்தான் போகிறார்கள், டிராகாட் சொன்ன ஓட்டையோடு. ஆன்சிபிளில் ஒரு பேக்கேஜை 'இருக்க வேண்டும்' என்று எழுதுபவர்கள் அதிகம், 'இந்தப் பதிப்பு இருக்க வேண்டும்' என்று எழுதுபவர்கள் குறைவு. முதல் வகையில், ஏற்கெனவே பழைய பதிப்பு இருந்தால் கருவி திருப்தியாகி நகர்ந்துவிடும். 'எப்போதும் ஆகப் புதியது' என்று எழுதினால் முன்சொன்ன திங்கள், வியாழன் சிக்கல். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பதிப்பு எண்ணைக் கையால் எழுதலாம் என்றால், சாதாரண சர்வர் ஒன்றில் பல நூறு பேக்கேஜ்கள்; ஒன்றையொன்று சார்ந்தவை. அதை யாரும் நீடித்துச் செய்ததாக நான் கண்டதில்லை.

உறையவைக்க வேண்டியது எது

சர்வர்களை உறையவைப்பதைவிட, அவை வாங்கும் இடத்தை உறையவைப்பது எளிது. இந்தத் துறை கண்டதில் ஆகப் பயனுள்ள யோசனை இதுதான் என்பேன். களஞ்சியத்தின் ஒரு நாளைய படியை எடுத்துப் பெயரிட்டு வைத்துக்கொள்கிறோம். எல்லா சர்வர்களும் அந்தப் படியை மட்டுமே பார்க்கின்றன. திங்கட்கிழமை ஓட்டினாலும் அடுத்த மாதம் ஓட்டினாலும் கிடைப்பது ஒன்றே. அப்போது 'எல்லாவற்றையும் ஆகப் புதியதாக்கு' என்ற கட்டளை ஆபத்தில்லாத கட்டளையாகிவிடுகிறது, ஏனென்றால் எது புதியது என்பதை நாம் தீர்மானித்துவிட்டோம்.

கருவிகளுக்குக் குறைவில்லை. டெபியன் தன் களஞ்சியத்தின் 2005 முதலான நாள்வாரிப் படிகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. உபுண்டுவும் அதேபோல ஒரு சேவையைத் தொடங்கியிருக்கிறது. சொந்தமாக மிரர் வைக்க நினைப்பவர்களுக்கு ஆப்ட்லி. ரெட் ஹேட் சேட்டிலைட் இதை நிறுவன அளவில் செய்கிறது: ஒரு படியை எடுத்து, முதலில் டெவலப்மெண்ட் சர்வர்களுக்கு, பிறகு டெஸ்டிங்குக்கு, கடைசியில் புரொடக்‌ஷனுக்கு என்று அதே படியை ஏற்றிக்கொண்டு போகலாம். டெஸ்டிங்கில் பார்த்தது ஒன்று, புரொடக்‌ஷனில் ஏறியது வேறு என்ற பேச்சுக்கு இடமில்லை. விண்டோஸில் இதே வேலையை 2005 முதல் செய்துவந்த டபிள்யூஎஸ்யூஎஸ் கருவிக்கு இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. கிளவுட் பக்கம் வரச் சொல்கிறார்கள்.

படி எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. உறைந்த களஞ்சியத்துக்குப் பாதுகாப்பு பேட்ச்களும் வராது. யாராவது ஒருவர் மாதந்தோறும் புதிய படி எடுக்க வேண்டும், அவசரம் வந்தால் நடுவிலும் எடுக்க வேண்டும். அந்த ஒருவர் வேலை மாறிப் போனால் எல்லா சர்வர்களும் அழகாக ஒத்திருந்தபடியே பழசாகிக்கொண்டிருக்கும். ஒத்திருப்பது பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

அலை அலையாக

படி ஒன்று தயார். அதை எல்லா சர்வர்களிலும் ஒரே இரவில் ஏற்றினால் கிரவுட்ஸ்டிரைக் கதை. ஆகவே ஒன்றில், பிறகு சிலவற்றில், பிறகு மீதியில். ஒவ்வோர் அலைக்கும் இடையே கவனிக்க நேரம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது அலைகள் நடக்கும் காலம். அந்த நாட்களில் பாதி சர்வர் பழைய பதிப்பில், பாதி புதியதில். சர்வர்கள் தனித்தனியாக நின்றால் பரவாயில்லை. ஒன்றோடொன்று பேசுபவையானால், அந்தக் கலப்பு நிலை தாங்குமா என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். நைட் கேபிடலில் தாங்கவில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் டேட்டாபேஸ் உலகத்தில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.28 வெளிவந்தது. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம் அது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் அதில் மாறின. '11', '1-1' என்ற இரண்டு சரங்களை அமெரிக்க ஆங்கில வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பழைய பதிப்பு '11' முதலில் என்றது, புதியது '1-1' முதலில் என்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் இன்டெக்ஸை அடுக்கப் பெரும்பாலும் இந்த நூலகத்தைத்தான் நம்பியிருந்தது. முதன்மை சர்வர் டெபியன் 9-ல், நகல் சர்வர் டெபியன் 10-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதன்மையில் பழைய வரிசைப்படி கட்டிய இன்டெக்ஸ் நகலுக்கு பைட் மாறாமல் போய்ச் சேர்கிறது. நகலோ அதைப் புதிய வரிசைப்படி தேடுகிறது. இருக்கும் பதிவை இல்லை என்று சொல்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. முதன்மை விழுந்து, நகல் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம்: ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற இடத்தில் ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் நுழையும். டேட்டாபேஸின் பதிப்பு இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது அடியில் இருந்த இயங்குதளம் மட்டும். பின்னால் வந்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகள் இந்த வேறுபாட்டைக் கண்டு எச்சரிக்கின்றன, ஆனால் இன்டெக்ஸைத் திரும்பக் கட்டும் வேலை நம்முடையது.

எந்தச் சர்வர் முதலில் என்பதும் தற்செயலுக்கு விடக் கூடியதல்ல. போஸ்ட்கிரெஸின் சிறு அப்டேட்டுகளில் நகல்களை முதலில் புதுப்பிக்கச் சொல்கிறது அதன் கையேடு. புதியது பழையதன் பதிவை வாசிக்க வாய்ப்பு அதிகம், பழையது புதியதை வாசிக்க வாய்ப்பு குறைவு. கன்டெய்னர்களை இயக்கும் கூபர்நெட்டிஸில் திசை வேறு: கட்டுப்பாட்டு மையம் முதலில், வேலை செய்யும் கணினிகள் பின்னால், மூன்று சிறு பதிப்பு வரை அவை பின்தங்கலாம், முந்திப் போகக் கூடாது. எவ்வளவு விலகலாம் என்று இப்படி எண்ணாக எழுதிவைத்த மென்பொருள்கள் குறைவு. எழுதாதவற்றில் நாமே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

அதிகம் கேள்விப்படாத பேக்கேஜ்களும் ஜிலிப்சியைப் போலவே சத்தமில்லாமல் வேறுபாட்டை உண்டாக்கும். நேர மண்டலத் தரவு அப்படி ஒன்று. 2006 ஏப்ரல் 15-ல் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளி ஜிஎம்டி 5.30-க்குத் திரும்பியது. அந்தத் தரவு ஏறிய சர்வரும் ஏறாத சர்வரும் உலக நேரத்தில் நொடி பிசகாமல் ஒத்திருக்கும். கொழும்பு நேரத்தை எழுதச் சொன்னால் அரை மணி நேரம் வேறுபடும்.

போட்டும் போடாதது

பேட்ச் போட்டுவிட்டோம் என்று அறிக்கை சொல்லும், ஓடிக்கொண்டிருப்பது பழையதாக இருக்கும். லினக்ஸில் நூலகத்தின் கோப்பை மாற்றினாலும், ஏற்கெனவே ஓடும் நிரல் நினைவகத்தில் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது பேக்கேஜை மாற்றிவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டவர்களுக்கு அந்த அப்டேட்டால் பயன் இல்லை. கெர்னலுக்கோ ரீபூட்டே வேண்டும். ஓட்டத்திலேயே கெர்னலைத் திருத்தும் வழி 2008-ல் எம்ஐடி மாணவர்களின் கேஸ்பிளைஸ் முதல் இருக்கிறது. 2015-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அதற்கான அடிப்படை வந்துவிட்டது. எல்லாத் திருத்தத்தையும் அப்படிச் செய்துவிட முடியாது. எந்த நிரல்கள் பழையதைப் பிடித்திருக்கின்றன என்று சொல்லும் 'நீட்ரீஸ்டார்ட்' போன்ற கருவியின் விடையை அறிக்கையில் சேர்க்காதவரை, பேட்ச் அறிக்கை பாதி அறிக்கைதான். ஆயிரம் நாள் ரீபூட் ஆகாத சர்வரைப் பெருமையாகக் காட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த சர்வர் மறுபடி எழுந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது என்பதே அந்தப் பெருமையின் மறுபக்கம்.

அப்டேட் செய்யாமல் மாற்றிவிடுவது

சர்வரைத் திருத்தவே வேண்டாம், புதிய இமேஜிலிருந்து புதிய சர்வரை எழுப்பிப் பழையதைத் தூக்கிப் போடலாம் என்பது அடுத்த விடை. சாட் ஃபௌலர் 2013-ல் இதற்கு 'மாறா உள்கட்டமைப்பு' என்று பெயரிட்டுப் பேசியபின் பரவலானது. அதே ஆண்டு கன்டெய்னர் கருவியான டாக்கர் வந்தது. இதன் முன்னோடி வடிவம் கூகுளில் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. கூகுளின் மார்க் மெர்லின் 2013-ல் சர்வர் நிர்வாகிகளின் லிசா மாநாட்டில் அதை விவரித்தார். அங்கே ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒரு மூல இமேஜைக் கோப்பு கோப்பாக ஒத்திசைத்துக்கொண்டன. பேக்கேஜ் கருவியை ஒவ்வொரு சர்வரிலும் ஓட்டவில்லை. காரணம் நடைமுறை சார்ந்தது: அத்தனை சர்வர்கள் இருக்கும் இடத்தில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒன்று அப்டேட் நடுவே மின்சாரம் போய் விழும், பேக்கேஜ் கருவி பாதியில் நின்றால் சிக்கல். கோப்பு ஒத்திசைவை எத்தனை முறை வேண்டுமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2001 காலத்து ரெட் ஹேட் 7.1-ஐ அடிப்படையாகக் கொண்டிருந்த அந்த இமேஜைச் சிறுகச் சிறுக, பேக்கேஜ் பேக்கேஜாக, டெபியன் அடிப்படைக்கு மாற்றினார்கள். எல்லா சர்வர்களும் ஒரே இமேஜில் இருந்ததால்தான் அது முடிந்தது.

கன்டெய்னர் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. தீரவில்லை, இடம் மாறியது. 'லேட்டஸ்ட்' என்ற பெயரில் இமேஜை இழுத்தால் திங்கள், வியாழன் சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. இமேஜை அதன் ஹாஷ் எண்ணால் குறிப்பிட்டால்தான் ஒரே பொருள் எல்லா இடத்துக்கும் போகும். அடியில் ஓடும் கெர்னல் தாய் சர்வருடையது என்பதால் அந்த சர்வரின் பேட்ச் வேலையும் அப்படியே இருக்கிறது. நிக்ஸ்ஓஎஸ் இந்தத் தர்க்கத்தை இயங்குதளம் முழுவதுக்கும் கொண்டுபோனது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்டில் 2006-ல் முடித்த முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்தது. டிராகாட் கேட்ட முழு ஒப்புமைக்கு மிக அருகில் வருவது அதுதான். அதை அறிந்த ஆள் கிடைப்பது அரிது என்பதால், நடுத்தர நிறுவனத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

பேக்கேஜ் கருவிக்குத் தெரியாதவை

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளிவந்தபோது உலகெங்கும் கேட்கப்பட்ட முதல் கேள்வி 'பேட்ச் எங்கே' என்பதல்ல. 'அது நம்மிடம் எங்கே இருக்கிறது' என்பது. ஜாவா நிரல்களின் கட்டுக்குள் கட்டாகப் புதைந்திருந்த அந்த நூலகத்தை ஆப்டோ யம்மோ அறியாது. அதுவும் அந்த மாதத்திலேயே 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று நான்கு திருத்தங்கள் வந்தன. முதல் வாரம் அலறி அடித்துத் திருத்திய சர்வர்கள் கடைசி வாரத்தில் மீண்டும் பழையவையாகிவிட்டன. எது எந்தத் திருத்தத்தில் நிற்கிறது என்ற கணக்கு பல இடங்களில் கைவிட்டுப் போனது.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 2017-ல் விழுந்ததும் கணக்கு இல்லாததால்தான். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்டிரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு மார்ச் 7-ல் திருத்தம் வந்தது. மார்ச் 9-ல் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடும்படி உள்ளுக்குள் மின்னஞ்சல் பறந்தது. பிறகு நடந்த ஸ்கேனில் எந்த சர்வரும் சிக்கவில்லை. ஓட்டையுள்ள சர்வர் இருந்தது. ஸ்கேன் அதைக் காணவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போயின. பேட்ச் வேகத்தைப் பற்றிய கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இது பட்டியலைப் பற்றிய கதை.

சர்வர்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கருவியே குறியாவதும் உண்டு. 2020-ல், வலைப்பின்னல்களைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்கும் சோலார்விண்ட்ஸின் அப்டேட்டுக்குள்ளேயே தீநிரல் வைத்து அனுப்பினார்கள். சென்னை ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் டெஸ்க்டாப் சென்ட்ரல், கணினிகளுக்கு பேட்ச் போடும் கருவி. அதிலிருந்த ஓட்டையை ஊடுருவிகள் பயன்படுத்துவதாக 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருக்கும் சர்வருக்குத்தான் முதலில் பேட்ச் போக வேண்டும். பல இடங்களில் அது 'உள் கருவி' என்ற பெயரில் பட்டியலில் கடைசியில் கிடக்கும்.

சில நாள் தாமதிப்பதில் உள்ள நன்மையை 2024 மார்ச் 29 காட்டியது. எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டிய ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறவாசல் இருப்பதைக் கண்டுபிடித்தார். நிலையான பதிப்புகளில் இருந்த சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் ஆகப் புதியதை வாங்குபவர்கள்தான் சிக்கினார்கள். 2017-ல் விண்டோஸ் கணினிகளில் பரவிய வானாகிரை புழு இதற்கு மறுபக்கம்: மார்ச் 14-ல் வந்த திருத்தத்தை மே 12 வரை போடாதவர்கள் சிக்கினார்கள். சில நாள் பொறுத்திருப்பது விவேகம், இரண்டு மாதம் விடுவது மறதி. இடையிலுள்ள கோட்டை ஓட்டையின் தன்மை பார்த்துத்தான் போட முடியும்.

முடிந்துபோன பதிப்புகள்

எந்த ஏற்பாட்டையும் தோற்கடிப்பது ஆதரவு முடிந்த இயங்குதளம். இந்தியாவின் ஏடிஎம்கள் நல்ல சான்று. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2018 ஜூனில், ரிசர்வ் வங்கி கெடு வைக்க வேண்டியிருந்தது: செப்டம்பருக்குள் கால்வாசி ஏடிஎம்கள், டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால், ஜூனுக்குள் முழுதும். அலை அலையாக மாற்றுவதை ஓர் ஒழுங்குமுறை அமைப்பே கால அட்டவணையாக எழுதியது அபூர்வம். சென்ட்ஓஎஸ் 7 அதே பாதையில் போய் 2024 ஜூன் 30-ல் முடிந்தது. அதன் களஞ்சியத்தைக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டதால் பழைய முகவரியில் யம் பிழை காட்டும். அது நல்லது, கண்ணில் படும். முகவரியைக் காப்பகத்துக்குத் திருப்பிவிட்டால் பிழை போய்விடும், 'புதுப்பிக்க ஏதுமில்லை' என்று வரும். முழுக்கப் புதுப்பிக்கப்பட்ட சர்வரும் இதே வரியைத்தான் காட்டும். அறிக்கையில் இரண்டும் பச்சை நிறம்.

இருபது முப்பது சர்வர் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்குச் சேட்டிலைட்டும் வேண்டாம், நிக்ஸும் வேண்டாம். மாதம் ஒரு களஞ்சியப் படி, ஆன்சிபிள் ஒன்று, மூன்று அலைகள், ஒவ்வோர் அலையிலும் கட்டாய ரீபூட், முடிந்ததும் எல்லா சர்வர்களின் பேக்கேஜ் பட்டியலையும் ஓடும் கெர்னலையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். ஆன்சிபிள் 'வெற்றி' என்று சொன்னதை நம்பாமல், சர்வரிடமே போய்க் கேட்பதுதான் அந்த ஸ்கிரிப்ட்டின் வேலை. நைட் கேபிடலில் எட்டு சர்வரின் கோப்புகளையும் அப்படி ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்டேட் செய்ய முடியாதவை எல்லா இடத்திலும் சில இருக்கும்: விற்றவர் அனுமதிக்காத மென்பொருள், பழைய டிரைவர், வருடக் கடைசிக் கணக்கு முடியும்வரை தொடக் கூடாத சர்வர். அவற்றைத் தனிப் பட்டியலில், காரணத்தோடும் யார் சொன்னார்கள் என்ற பெயரோடும் முடியும் தேதியோடும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பட்டியலை மாதா மாதம், பேட்ச் வாரத்துக்கு முந்தைய வாரத்தில், சர்வருக்குப் பொறுப்பானவரும் அதில் ஓடும் மென்பொருளுக்குப் பொறுப்பானவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். தேதி தாண்டிய வரிகளுக்கு அங்கேயே முடிவெடுக்க வேண்டும்.